ஹன்னா சொன்னது

ஸ்ரீகுமாரி டீச்சர் வீட்டுக்கு அந்த ஜெர்மனிக்காரப் பெண் வந்து இறங்கிய அன்று ஆடி மாதத்துக் கர்க்கடக மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெயர் ஹன்னா. மருத்துவம் படிக்கிறவள். பாறசாலைக்குப் பக்கத்திலுள்ள ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பயிற்சி. விடுதியில் அறை திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்பதால், அதுவரை டீச்சரின் மாடியறையில் தங்கினாள்.

அவளுக்குச் சமைத்துப்போட்டவள் சரோஜம். கணவன் செல்லசாமி ரப்பர் வெட்டப் போன இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்த காலம் முதல் அவள் அந்த வீட்டு அடுக்களையில்தான் கிடக்கிறாள். மகள் தன்யா கல்யாணமாகிப் பூவாருக்குப் போய்விட்டாள்.

வந்த மறுநாள் ஹன்னா மீன்கறியைத் தொட்டு மரச்சீனிக் கிழங்கைத் தின்றுவிட்டு, மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தாள். சரோஜம் ஓடிப்போய்த் தேங்காய்ப்பால் கொண்டுவந்தாள். "குடி மோளே, எரிவு நிக்கும்." ஹன்னா தன் போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து நீட்டி, திரும்பச் சொல்லும்படி சைகை காட்டினாள். தமிழும் மலையாளமும் கலந்த அந்தப் பேச்சைக் கேட்ட போன் எதையோ உளற, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாயங்காலம் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் போனில் பேசி அழுதாள். சரோஜம் பால் விடாத கட்டஞ்சாயா போட்டு வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பழக்கத்தில்தான் சரோஜத்துக்குத் துணிச்சல் வந்தது. இடது மார்பில் ஒரு கட்டி கொஞ்ச நாளாகவே தட்டுப்பட்டது. ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சம். சனிக்கிழமை மாடியறையைப் பெருக்கப் போனவள், கதவைச் சாத்திவிட்டு ஜம்பரின் கொக்கிகளைக் கழற்றினாள்.

ஹன்னா முதலில் கையை விரித்து, தான் டாக்டர் இல்லை என்று தலையாட்டினாள். பிறகு தொட்டுப் பார்த்தாள். அக்குளிலும் விரல் வைத்து அழுத்தினாள். அவள் முகம் மாறியது. போனை எடுத்தாள், உடனே கீழே வைத்துவிட்டு டீச்சரைக் கூப்பிட்டாள்.

டீச்சரிடம் அவள் இங்கிலீஷில் நெடுநேரம் பேசினாள். டீச்சர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ஒண்ணும் இல்ல சரோஜம். கொழுப்புக் கட்டியாக்கும். தன்னால கரைஞ்சு போவும்."

"ஹாஸ்பிட்டல், ஹாஸ்பிட்டல்னு சொன்னாளே டீச்சரே?"

"திங்களாழ்ச முதல் அவளுக்கு ஹாஸ்பிட்டல்ல போணும்லா? அதச் சொல்லுதா."

சரோஜத்துக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. ஆனாலும் ஹன்னாவின் முகம் ஏன் அப்படி இருந்தது என்று கேட்க வாயெடுத்தாள். டீச்சர் அதற்குள் ஓணத்துக்கு மகன் குடும்பத்தோடு துபாயிலிருந்து வருவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

திங்கட்கிழமை கிளம்பும்போது ஹன்னா சரோஜத்தின் கைகளைப் பிடித்துக்கொண்டு என்னவோ வற்புறுத்திச் சொன்னாள். டீச்சர் குறுக்கே புகுந்து இங்கிலீஷில் பதில் சொன்னதும் ஹன்னாவின் முகம் தெளிந்தது.

ஓணம் வந்தது. சரோஜம் இடது கையைத் தூக்க முடியாமல் ஒரு கையாலேயே தேங்காய் துருவி, அவியலும் எரிசேரியும் பாயசமும் வைத்து எல்லோருக்கும் இலை போட்டாள். வலியைச் சொன்னபோது டீச்சர், "வேல கூடுதலா இருந்தா அப்படித்தான் இருக்கும்," என்றாள். விருந்து முடிந்த வாரம் கட்டி உடைந்து ஜம்பர் நனைந்தது.

மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பக்கத்தில் ஹன்னா நின்றிருந்தாள். சரோஜத்தைக் கண்டதும் சிரித்தவள், புண்ணைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கோபமாக ஏதோ கேட்டாள். நர்ஸ் சோனா அதைத் தமிழில் சொன்னாள்.

"அக்கா, உடனே வரணும், இது கேன்சராட்டு இருக்கலாம்னு நான் அண்ணைக்கே சொன்னேனே, ஏன் வரல்லன்னு கேக்கா. நீங்க திருவனந்தபுரத்தில காட்டி மருந்து எடுக்கதாட்டு டீச்சர் சொன்னாங்களாம்."

சரோஜம் நேரே டீச்சர் வீட்டுக்குப் போனாள். மகனும் மருமகளும் முன்னறையில் இருந்தார்கள்.

"டீச்சரே, இது கேன்சராட்டு இருக்கலாம்னு சொல்லுதாங்க. அந்த மோள் அண்ணைக்கு என்ன சொன்னா? இப்போ ஒருக்கா சொல்லுங்கோ."

டீச்சர் மகனைப் பார்த்தாள். "நீ பயந்து பேடிச்சிரக் கூடாதுன்னு..."

"நான் பேடிச்சுக்கிடுதேன். அவ சொன்னதச் சொல்லுங்கோ."

டீச்சர், "ஓணத்துக்கு வேற ஆளு கிட்டாதுல்லா," என்றாள், ஏதோ நியாயம் கேட்பவள்போல. மருமகள் எழுந்துபோய், சரோஜம் குடிக்கிற எவர்சில்வர் தம்ளரை அடுக்களையிலிருந்து எடுத்துக் கொல்லைப்புறத்தில் வைத்தாள். கேன்சர் ஒட்டுகிற நோய் என்று யாரோ அவளிடம் எப்போதோ சொல்லியிருந்தார்கள்.

மார்பை எடுத்தார்கள். அதற்குள் நோய் எலும்புக்குப் போயிருந்தது. ஹன்னா ஊருக்குத் திரும்பும் முன் ஒருநாள் வந்து கட்டிலருகே உட்கார்ந்து அழுதாள். சரோஜம்தான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஹன்னா விமானம் ஏறியதும் டீச்சர் ஊரெல்லாம் ஒரு கதையைப் பரப்பினாள்: படிக்க வந்த வெள்ளைக்காரப் பிள்ளை தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லி, பாவப்பட்ட ஒருத்தியைச் சாகக் கிடத்திவிட்டாளாம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஹன்னாவைத் திட்டினார்கள். சரோஜம் ஒவ்வொருவரிடமும் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்.

"இல்ல மக்கா. அவ நேராத்தான் சொன்னா. மாத்திச் சொன்னது டீச்சராக்கும்."

அவர்கள் தலையாட்டினார்கள். முற்றத்தில் இறங்கியதும், "வேதனையில பெனாத்துதா. டீச்சர் அப்படிச் சொல்லுவாங்களா?" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு போனார்கள். அது சரோஜத்துக்கும் கேட்டது. அடுத்து வந்தவர்களிடமும் அவள் அதையே சொன்னாள். மாசி மாதம் செத்துப்போகும்வரை சொன்னாள். செல்லசாமியும் தன்யாவும் மட்டும் நம்பினார்கள்.