கரண்ட் போகாத ஊரில் ஒரு கட்-பேஸ்ட்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் கிடையாது. வாங்க வசதியில்லாமல் இல்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் அதை வாங்குவது கௌரவக் குறைச்சல். ஊர் உலகத்துக்கே மின்சாரம் அனுப்புகிறவர்கள் நாங்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டு ஃபேன் நிற்காமல் ஓடுவதைப் பார்த்துப் பெருமூச்சு விடும்போது, நானே சுரங்கத்தில் இறங்கிக் கையால் நிலக்கரி அள்ளி வந்தவன்போல மீசையைத் தடவிக்கொள்வேன். உண்மையில் எனக்கு ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். வீட்டில் எனக்கொரு செல்போன், மனைவிக்கொரு செல்போன். நான் பயந்த சுபாவம். இரண்டையும் வாராவாரம் கேபிளில் மாட்டிக் கம்ப்யூட்டருக்குள் பேக்கப் எடுத்துவிடுவேன். பழையதை அழிக்கவும் மனசு வராது. இத்தனைக்கும் என் போனில் இருந்தது கட்டைவிரல் மறைத்த போட்டோக்களும் ஒரு தவளை ரிங்டோனும்தான். தவளைக்கும் பாதுகாப்பு வேண்டுமே.

மனைவியின் போன் கதை வேறு. சர்ச் பாடகர் குழுவுக்கு அவள்தான் தலைவி. குழுவினர் கேட்டுப் பழகட்டும் என்று, கிறிஸ்துமஸ் பாட்டுக்கு நான்கு குரல்களையும் தானே பாடி, போனில் பதிவு செய்து வைத்திருந்தாள். ஆண்கள் பாடவேண்டிய அடிக்குரலுக்கு மட்டும், சளி பிடிக்கும்வரை காத்திருந்து, பிடித்த வாரத்தில் ஒரே மூச்சாகப் பாடி முடித்தாள். அந்தச் சளி போய்விட்டது. மறுபடி எப்போது வருமோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

டிசம்பர் நெருங்கும்போது அவள் போன் அடிக்கடி உறைந்து நின்றது. டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பத்தில் இருந்த செல்போன் கடைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, “சாஃப்ட்வேர் புதுசா ஏத்தணும் சார். உள்ள இருக்கிறதெல்லாம் பூடும். பேக்கப் வச்சிக்கினு இருக்கீங்களா?” என்றார். யாரைப் பார்த்து என்ன கேள்வி! வீட்டுக்குப் போய்க் கடைசியாக ஒரு பேக்கப் எடுத்துவிட்டு, போனை அவரிடம் ஒப்படைத்தேன்.

மறுநாள் எனக்கு வீக்லி ஆஃப். சாயங்காலம் சர்ச்சில் பயிற்சி. அதற்குள் போனை வாங்கிவந்து பாட்டுகளை ஏற்றித் தர வேண்டும். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையின் மூலையில் மஞ்சள் பலூன் ஒன்று கிளம்பி, சி டிரைவில் இடமில்லை என்று புலம்பியது. டி டிரைவோ, அலாட்மெண்ட் ஆகாத குவார்ட்டர்ஸ்போலக் காலியாகக் கிடந்தது. பேக்கப் குடும்பம் மொத்தத்தையும் அங்கே குடியேற்றிவிடுவதென்று முடிவு செய்தேன்.

காப்பியா, கட்டா என்று கம்ப்யூட்டர் கேட்டது. விவரம் தெரிந்தவர்கள் காப்பி எடுத்து, சரிபார்த்து, அப்புறம்தான் பழையதை அழிப்பார்கள். எனக்கு டவுன்ஷிப் புத்தி. இங்கே பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்தால் பழையதைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஒரே குடும்பம் ரெண்டு வீட்டில் இருக்க முடியாது. ஆகவே கட். டி டிரைவில் பேஸ்ட். ஒரு உறையிலிருந்து இன்னொரு உறைக்குக் காகிதங்கள் பறக்கும் படம் திரையில் வந்தது. காலாட்டிக்கொண்டே ரசித்தேன்.

திடீரென்று திரை கறுத்தது. ஃபேன் நின்றது. சமையலறையில் தேங்காய்ச் சட்னி பாதியில் மௌனமானது.

“என்னங்க, மிக்ஸி நின்னுபோச்சு. ஃப்யூஸ் போயிருக்கும், பாருங்க.”

கரண்ட் போயிருக்கும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தேன். வாசலுக்கு வாசல், கையில் ஃப்யூஸ் கட்டையோடு ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார்.

“சார், உங்க வூட்லயுமா?” என்றார் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர், லுங்கியோடு. “கம்ப்ளெயிண்டுக்கு போன் போட்டேன். மொதல்ல உங்க வூட்டு ஃப்யூஸைப் பாருங்கன்றான்!”

தெருவே சிரித்தது. என்னால் முடியவில்லை. பாதி வழியில் பறந்த காகிதங்கள் எங்கே விழுந்தனவோ! கடைக்காரர் போனையாவது இன்னும் அழிக்காமல் வைத்திருந்தால் பிழைத்தேன். “இதோ வந்துட்றேன்” என்று ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பாதி தூரம் போனபிறகுதான் சட்டைப் பையில் ஃப்யூஸ் கட்டை இருப்பது தெரிந்தது.

“அழிச்சிடாதீங்க!” என்று கத்திக்கொண்டே கடைக்குள் நுழைந்தேன்.

“அழிச்சி, ஏத்தி, டெஸ்ட்டும் பண்ணிட்டேன் சார். சூப்பரா கீது,” என்று கடைக்காரர் துடைத்து நீட்டினார். “ஏன் சார் மூச்சு வாங்குது?”

“கரண்ட் போயிடுச்சுங்க.”

“எங்க?”

“டவுன்ஷிப்ல.”

அவர் முகத்தில் வந்த பிரகாசத்தை வைத்து ஒரு பிளாக்குக்கே விளக்கேற்றியிருக்கலாம். “போங்க சார், வெளையாடாதீங்க! இங்க தெனம் கரண்ட் இல்லாம நான் வேர்த்துக்கினு ஒக்காந்தா, ஒங்க ஆளுங்க ஏசி குளுருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கினு வந்து சிரிப்பாங்க.” உடனே தன் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். “மச்சான், சேதி தெரியுமா?”

என் துக்கம் அவருக்குத் தீபாவளி ஆகிவிட்டது. வெளியே வந்தபோது எதிரே ஐஸ்கிரீம் கடை. மூளை அபாரமாக வேலை செய்தது: அவளுக்குச் சளி பிடித்தால் அடிக்குரலை மறுபடி பாடிவிடலாம்! ஃபேமிலி பேக் ஒன்று வாங்கினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்தபோது தெருவெங்கும் ஃபேன் ஓடியது. எங்கள் வீட்டைத் தவிர. மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“கரண்ட் வந்து எவ்வளவு நேரமாச்சு! ஃப்யூஸ் கட்டையை எங்க எடுத்துட்டுப் போனீங்க? அது என்ன பையில?”

“ஐஸ்கிரீம்.”

“இந்தக் குளிர்லயா?”

கட்டையைச் செருகிவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். அது நீலத்திரை காட்டி, தன்னைத்தானே நிதானமாகச் சோதித்துக்கொண்டது. நான் உள்ளுக்குள் ஜெபம் செய்தேன். கடைசியில் திறந்தது. பாதிக் கோப்புகள் டி டிரைவில், மீதி இன்னும் சி டிரைவில். கட்டில் புது வீட்டிலும் மெத்தை பழைய வீட்டிலுமாக, எதுவும் தொலையாமல் இருந்தன. ஒரு கோப்பு புது இடத்தில் முழுசாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பழைய இடத்தில் இருப்பது அழியுமாம். என்னைவிட ஒழுங்காக வீடு மாற்றத் தெரிந்த இயந்திரம். மீதியைக் காப்பி எடுத்து ஒன்று சேர்த்து, போனில் ஏற்றினேன். நான்கு குரலும் வந்துவிட்டன. அவளுக்கு நடந்தது எதுவும் தெரியாது. ஐஸ்கிரீமை ஒரு கரண்டிகூட அவள் தொடாதபடி நானே தின்று தீர்த்தேன்.

சாயங்காலம் சர்ச்சில் போனோடு ஸ்பீக்கரை மாட்டியது நான்தான். பெருமையாகப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அடிக்குரல் ஆரம்பித்தது. சளியும் பக்தியுமாகக் கனத்துப் போய்க்கொண்டிருந்த வரியின் நடுவே, எங்கள் வீட்டுக் குளியலறைக்குள்ளிருந்து நான் கத்திய குரல் ஸ்பீக்கரில் கணீரென்று எழுந்தது: “ஏய், துண்டு எங்க?”

குழு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. குழுவிலேயே கனத்த குரல்காரர், பென்சிலைக் காதிலிருந்து எடுத்துப் பணிவாகக் கேட்டார்: “அக்கா, அந்தத் துண்டு வரியையும் நாங்கதான் பாடணுமா?”

“இல்லண்ணே,” என்றாள் மனைவி, முகம் மாறாமல். “அது சோலோ. அவரு மட்டும்தான் பாடுவாரு.”