தண்ணீர் கேட்காத மரம்

"அண்ணே, இது வறட்சி தாங்குற மரம். வேர் பிடிச்சதும் தண்ணிய நிறுத்திருங்க. அப்பத்தான் ஈரத்தைத் தேடி வேர் கீழ போகும்" என்று படித்துப் படித்துச் சொன்னார் நாற்றுப் பண்ணைக்காரர். கேட்கிற ஆளா நான்? முப்பது வருஷம் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கிடந்தவன். ஏலச்செடியின் வேர் மேல்மண்ணிலேயே படரும். ஈரம் காய்ந்தால் போச்சு. போடியில் வீடு கட்டி இறங்கி வந்த பிறகும் கை அடங்கவில்லை. வீட்டோரம் நட்ட அந்த மயில்கொன்றைக்கு ஐந்து வருஷம் தினமும் சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர், தூரைச் சுற்றி இலைச்சருகு மூடாக்கு. மரம் மதமதவென்று வளர்ந்து, சித்திரையில் சிவப்பாகப் பூத்துத் தள்ளியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனி பிறந்ததும் மலைக் கணவாய் வழியாகப் பலத்த காற்று இறங்கியது. காலையில் சருகை ஒதுக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வீச்சுக்கும் தூரடி மண் ஒரு விரல் அளவு எழும்பி அமர்ந்தது. வேர் கீழே போகவே இல்லை. மரம் சாய்ந்திருந்த பக்கம் அடுத்த வீட்டுத் தகரக் கூரை. அதன் அடியில், பிரசவத்துக்கு வந்திருந்த அந்த வீட்டுப் பெண்ணின் இருபது நாள் குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

முந்தின நாள்தான் அவள் சொல்லியிருந்தாள்: "மாமா, ஒங்க மரத்து நெழலுதான் பிள்ளைய வேகாமக் காப்பாத்துது." அதைக் கேட்டு மீசையை முறுக்கியவன் இப்போது எந்த முகத்தோடு போவது? மண்ணை மிதித்து இறுக்கினேன். கயிறு கட்டினேன். அடுத்த வீச்சில் கயிறு விண்ணென்று இழுபட்டது. வெட்கம் பார்த்தது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் குழந்தை அந்தக் கூரைக்கடியில்தான் கிடந்தது.

வேலியோரம் ஓடினேன். "ஆத்தா, பிள்ளையத் தூக்கிட்டு வெரசா நம்ம வீட்டுக்கு வா."

"காத்துக்கா மாமா பயப்படுறீக? இப்பத்தான் தூங்குறான்."

"காத்துக்கு இல்ல ஆத்தா, எம்மரத்துக்கு. நான் வளத்த வளப்பு சரியில்ல. வா."

வந்தாள். மதியத்துக்குள் ஆள் கூட்டி வந்து கிளை கிளையாகக் கழித்து இறக்கினோம். மிச்சமிருந்த தூரை இரண்டு பேர் தள்ளியதும் வேரோடு புரண்டது. ஆணிவேர் என்று சொல்ல முழ நீளம்கூட இல்லை. வெட்ட வந்தவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

மறுநாள் நிழலில்லாமல் தகரம் கொதித்து, குழந்தை அழுதது எங்கள் வீடு வரை கேட்டது. ஏணி போட்டு ஏறி, பழைய ஏலக்காய்ச் சாக்குகளைத் தகரத்தின் மேல் விரித்து, மரத்துக்கு ஊற்றிய அதே குடத்தால் தண்ணீர் ஊற்றினேன். அழுகை நிற்கும் வரை ஊற்றினேன்.