மகளின் லொறியில் நான் ஒட்டிய கருவி

என் காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த சிறிய வெள்ளைப் பெட்டியைப் பிடுங்கியது நான்தான். மகள் தன் லொறியின் சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மேலே ஏறி அதை லொறியின் கண்ணாடியில் ஒட்டியதும் நான்தான். சட்டப்படி அது பிழை. அதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். வருந்துகிறாயா என்று கேட்டால், இல்லை.

ரொறன்ரோவில் கிழக்கு மேற்காக இரண்டு பெருஞ்சாலைகள் இருக்கின்றன. நானூற்றொன்றாம் இலக்கச் சாலைக்குக் கட்டணம் இல்லை. அதனால் எல்லோரும் அங்கேதான் நெருக்குப்படுகிறார்கள். அதற்கு வடக்கே ஓடும் நானூற்றேழுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் சாவடி கிடையாது, தடுப்பு மரம் கிடையாது, கை நீட்டிக் காசு வாங்க ஆளும் கிடையாது. ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் தலைக்கு மேல் கமராக்கள் மட்டும். கார் என்றால் இலக்கத்தகட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு பில் அனுப்புவார்கள். விரும்பினால் போய்வருவதைத் தானாகப் பதியும் ஒரு கருவியை, அந்த வெள்ளைப் பெட்டியை, எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளலாம். பெரிய லொறிக்கு அந்த விருப்பம் இல்லை. கருவி இருந்தே ஆக வேண்டும், அதுவும் அந்த லொறிக்கென்று பதிந்த கருவி. இல்லாமல் ஏறினால் குற்றம். கட்டணமும் காருக்கு வருவதைப்போலப் பல மடங்கு.

என் மகள் ரெக்ஸ்டேலில் பதினொரு லொறி வைத்திருக்கும் எங்கள் தமிழ் ஆள் ஒருவரிடம் வேலை செய்கிறாள். அவர் ஒரு லொறியிலும் கருவி வைப்பதில்லை. வைத்தால் நெரிசலைக் கண்டதும் ஓட்டுநர்கள் நானூற்றேழில் ஏறிவிடுவார்கள், பில் தனக்கு வரும் என்பது அவர் எண்ணம். வைக்காவிட்டால் ஒருவரும் ஏற முடியாது. மீறி ஏறினால் மாட்டுப்படப்போவது ஓட்டுபவர். இவ்வளவு சுலபமாக ஒரு சாலையைத் தன் ஆட்களுக்கு மூடிவிடலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நான் ஒரு பல் வைத்தியரின் முன்மேசையில் வேலை செய்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் சனம். பொம்பிளைப் பிள்ளையை ஏன் லொறி ஓட விட்டனீங்கள் என்று ஒரு அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"உங்கட மகனுக்கு ட்ரக்கைப் பின்னுக்கு எடுக்கத் தெரியுமோ?" என்றேன் ஒரு நாள்.

"அவன் மார்க்கம் சிற்றியில கொம்பியூட்டர் வேலை."

"அப்ப தெரியாது."

வாயால் அப்படிச் சொல்லிவிடுவேன். ஆனால் அவள் வீட்டை விட்டு வெளிக்கிட்டதிலிருந்து திரும்பி வரும்வரை என் மத்தியானச் சோற்றுப் பெட்டியைத் திறக்கமாட்டேன்.

பெப்ரவரியில் ஒரு மத்தியானம், மேசையில் இருந்த என் தொலைபேசி அடித்தது. வெளியே எதிர்க்கட்டடம் தெரியாத அளவுக்குப் பனி.

"அம்மா, நான் ஓகே. முதல்ல அதைக் கேளுங்கோ."

அவள் அப்படித் தொடங்கியதுமே நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன்.

"நானூற்றொண்டில எனக்கு முன்னால போன ட்ரக் குறுக்கால மடங்கிட்டுது. நான் ஓரத்துக்கு வெட்டினன். பின்னால ட்ரெயிலர் கொஞ்சம் இழுத்துது. இப்ப நிண்டிட்டன்."

"இறங்கு பிள்ளை. இறங்கி ஓடு."

"இறங்கேலாது, எல்லாப் பக்கமும் கார் சறுக்குது." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பின்னால ஒரு ட்ரக் வருது, அம்மா. நிக்குமோ தெரியேல்லை."

அதன் பிறகு கண்ணாடித் துடைப்பான் போய்வரும் சத்தமும் அவள் மூச்சும்தான் கேட்டன. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை. முன்னால் ஒருவர் தன் காப்புறுதி அட்டையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் அதை வாங்கினேன் என்று பிறகு சொன்னார்கள்.

"நிண்டிட்டுது," என்றாள்.

அன்று காலை புறப்படும்போதே அவள் முதலாளியிடம் கேட்டிருக்கிறாள்: அங்கிள், இண்டைக்கு மேல, நானூற்றேழால போகட்டோ? நானூற்றொண்டும் ஓடுது தானே என்று அவர் சொல்லியிருக்கிறார். கருவி போட்டுத் தரச் சொல்லி அதற்கு முன்பும் இரண்டு தடவை எழுதிக் கேட்டிருக்கிறாள்.

அடுத்த திங்கட்கிழமை அவளை வேலையிடத்தில் இறக்கிவிடப் போனபோதுதான் என் கருவியை அவளுடைய லொறிக்கு மாற்றினேன். ஒரு பெட்டி இருந்தால் போதும் என்று நினைத்தேன். காரின் கருவி லொறிக்குச் செல்லாது என்பதெல்லாம் பிறகு இணையத்தில் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தது. அந்த வாரம் மறுபடியும் பனி கொட்டியது. மத்தியானம் அவளிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது: ஏறிட்டன். அன்றைக்கு நான் சோறு சாப்பிட்டேன்.

ஆனால் கமரா ஏமாறவில்லை. காருக்குரிய கருவி லொறியில் ஓடியிருக்கிறது என்று முதலாளிக்குக் கடிதம் போய்விட்டது. அவர் மகளைச் சனிக்கிழமை கூப்பிட்டார். நானும் போனேன். பால் விடாத பிளேன்ரீ தந்தார். பிறகு ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளை அவள் முன்னால் வைத்தார். அனுமதி இல்லாமல் கருவியை ஒட்டியது தான்தான் என்றும், தண்டம் வந்தால் தன் பொறுப்பு என்றும், இனி நானூற்றேழில் ஏறுவதில்லை என்றும் அவள் ஒப்புக்கொள்வதாக அதில் இருந்தது.

"அக்கா, உங்களில மரியாதை வச்சுத்தான் கதைக்கிறன். பிள்ளை ஒரு கையெழுத்து வச்சால் விசயம் முடிஞ்சுது."

"ஒட்டினது நான், தம்பி."

"நீங்களோ? ட்ரக்கில ஏறினீங்களோ?"

"மூண்டு படி. உங்கட ஒஃபிஸுக்கு நாலு."

"காரின்ர சாமானை ட்ரக்கில ஒட்டுறதோ? படிச்ச ஆள் நீங்கள்."

"அது என்ர பிழை. இப்பவே எழுதித் தாறன். ட்ரக்கில இருக்க வேண்டிய சாமான் இல்லாமல் போனது ஆரின்ர பிழை? அதையும் இந்தப் பேப்பரில எழுதுங்கோ."

"அது கொம்பனி விசயம்."

"பின்னால வந்த ட்ரக் நிக்காமல் விட்டிருந்தால், அதுவும் கொம்பனி விசயமோ?"

என் குரல் வெளியே முற்றத்துக்கும் கேட்டிருக்கும். கேட்டால் என்ன என்று அப்படியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஸ்டொப். ப்ளீஸ்," என்றாள் மகள். பேனையை எடுத்தாள். கையெழுத்து வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தாளை மறுபக்கம் திருப்பினாள். கருவி கேட்ட இரண்டு நாட்களையும், பனி நாளில் தான் கேட்டதையும், அவர் சொன்ன பதிலையும் வரிசையாக எழுதிக் கீழே கையெழுத்து வைத்தாள். அதன்மேல் லொறியைக் கிளப்பும் திறப்பை எடுத்து வைத்தாள்.

"எல்லா ட்ரக்குக்கும் டிவைஸ் போட்டாப் பிறகு கூப்பிடுங்கோ, அங்கிள். ஸ்னோ நாளில நான் மேலதான் போவன். பில் உங்கட."

"ஒஷாவாவுக்குப் போற லோட் நிக்குது. ஆர் கொண்டு போறது?"

"உங்களிட்டையும் லைசன்ஸ் இருக்குத் தானே."

காரில் ஏறியதும் எனக்குத்தான் ஏச்சு விழுந்தது. "நீங்கள் செய்தது பெரிய பிழை, அம்மா. நான் அதைக் கண்ட உடனே கழட்டியிருக்க வேணும்."

"ஏன் கழட்டேல்லை?"

அவள் ஆசனப்பட்டியை இழுத்து மாட்டினாள். "பயமா இருந்தது," என்றாள்.

புதன்கிழமை முதலாளி அழைத்தார். அவளுடைய லொறிக்கு மட்டும் கருவி போட்டுவிட்டதாகச் சொன்னார். மற்ற ஆக்களுக்கு, என்று கேட்டாள். பார்ப்பம் என்றார். அப்ப நானும் பார்க்கிறன் என்று வைத்துவிட்டாள். வேலை போய்விடும், வேறு இடத்தில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுவார்கள் என்று மூளை ஓடிக்கொண்டே இருந்தது. ஆனாலும் வேலைக்குப் போகச் சொல்லி ஒரு சொல் என் வாயிலிருந்து வரவில்லை.

வெள்ளிக்கிழமை வார இறுதிக்குப் பனி என்று செய்தி சொன்னது. சிறிது நேரத்தில் முதலாளியிடமிருந்து அவளுடைய தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. மேசையில் பரப்பி வைத்த கருவிகள், ஒவ்வொன்றிலும் ஒரு லொறியின் இலக்கம். அவள் படத்தைப் பெரிதாக்கி விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். முடித்த பிறகு இன்னொரு முறை எண்ணினாள். பதினொன்று. அதன் பிறகுதான் வேலைக்குப் போடும் சப்பாத்தைத் தேடப் போனாள்.