மனப்பாடம் செய்த கண் அட்டை

போன வருடம், மலேசியாவில் பீடோர் பக்கத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடந்தது இது. அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண் பரிசோதனைப் படிப்பு படிக்கும் மாணவர்கள் இலவச முகாம் போட்டிருந்தார்கள். நான்கு வருடப் படிப்பாம். இப்படி ஊர் ஊராக வந்து சோதிப்பதும் அதில் ஒரு பாடமாம்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். தினமும் பதினொரு பிள்ளைகள். முந்தின வாரம் சைக்கிளில் வந்த ஒருவரை ரொம்பக் கிட்டே நெருங்கிய பிறகுதான் பார்த்தேன். போட்ட பிரேக்கில் பிள்ளைகள் அலறிவிட்டார்கள். பெற்றோர் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கண்ணில் கோளாறு என்றால் லைசென்ஸ் போய்விடுமோ என்று எனக்குப் பயம். 'கண் நன்றாக இருக்கிறது' என்று ஒரு தாள் கையில் கிடைத்தால் எல்லார் வாயையும் அடைத்துவிடலாமே!

அதனால் வேண்டுமென்றே வரிசையின் கடைசியில் நின்றேன். முன்னால் இருந்தவர்கள் சுவரில் மாட்டிய அட்டையின் எழுத்துகளைச் சத்தமாகப் படிக்கப் படிக்க, கடைசி வரி வரை மனப்பாடம் செய்துகொண்டேன். படிக்கிற பிள்ளைகள்தானே, என்ன கண்டுபிடித்துவிடப் போகிறார்கள் என்ற மிதப்பு வேறு.

என் முறை வந்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தேன். சோதித்த பெண் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "அக்கா, இப்பதான் அட்டைய திருப்பி மாட்டுனேன். நீங்க சொன்னது அந்தப் பக்கம் உள்ளதுலா" என்றாள்.

திருப்பியதுகூட எனக்குத் தெரியவில்லை! வெட்கத்தில் காது சுட்டது.

"கண்ணு சரியில்லன்னு எழுதிறாதம்மா, வேன்தான் என் பொழப்பு" என்று கெஞ்சினேன்.

"எழுதாம விட முடியாதுக்கா. கண்ணாடி போட்டா தாராளமா ஓட்டலாம்லா. ஆனா அது வர்ற வரைக்கும் பிள்ளைங்கள ஏத்தாதீங்க."

கனமான வட்டச் சட்டம் ஒன்றை என் மூக்கில் மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டாள். இந்த முறை திருட்டுத்தனம் இல்லாமல் கடைசி வரியைப் படித்தேன்.

இரண்டு வாரம் என் தம்பி வேனை ஓட்டினான். அந்த மாணவர்களின் பல்கலைக்கழகக் கிளினிக்கில் செய்து அனுப்பிய கண்ணாடியோடு முதல் நாள் சந்து பிரியும் சிம்பாங்கில் வேனை நிறுத்தினேன். சந்தின் கடைசி வீட்டு வாசலில் ஒரு தாய் கையசைத்தாள். நானும் அசைத்தேன். வேனில் ஏறிய அவள் மகள் ஆச்சரியமாகச் சொன்னாள்: "அம்மா தினமும் கை காட்டுவாங்க ஆன்ட்டி. உங்களுக்கு எங்க மேல கோவம்னு நெனச்சாங்க."

சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இப்போதெல்லாம் அந்தச் சிம்பாங்கில் நான்தான் முதலில் கையைத் தூக்குகிறேன். நாலு பேர் முன்னால் என்னைத் தலைகுனிய வைக்காமல், உண்மையையும் மறைக்காமல் எழுதிய அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான்.