உபதேசியார் கையெழுத்துப் போட்ட பொம்மைப் படம்

குழந்தைசாமி உபதேசியார் எந்தப் பொருளைக் கண்டாலும் முதலில் அதன் விலையைப் பார்க்க மாட்டார். அது ஆண்டவர் பக்கமா, பசாசு பக்கமா என்றுதான் பார்ப்பார். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய அந்தச் சின்னக் கோயிலில் இருபத்தாறு வருஷமாக அவர்தான் உபதேசியார். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித் தருவது, சாமியார் வராத ஞாயிறுகளில் செபம் நடத்துவது, சாவு விழுந்த வீட்டில் முதல் ஆளாகப் போய் நிற்பது என்று அவருக்கு வேலை நிறைய இருந்தது. ஆனால் பிடித்த வேலை ஒன்றுதான், சரிபார்ப்பது.

பக்கத்து வீட்டு வேலம்மாள் கொடுத்தனுப்பும் பொங்கல், சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் எடுத்ததா, பின்னால் எடுத்ததா என்று கண்டிப்பாக விசாரிப்பார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் விசாரிப்பார் என்பது வேறு விஷயம். ஐஸ் வண்டியில் வரைந்திருக்கும் படம், பள்ளிக்கூட நாடகத்தில் கொம்பு வைத்த வேஷம், டவுன் பஸ்ஸில் போடும் பாட்டு என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருந்தது. அந்தக் கோர்ட்டில் அப்பீல் கிடையாது.

வீட்டுக்குள் மட்டும் ஒரு வழக்கு தீர்ப்பில்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது. மகள் சகாயமேரிக்குப் புதுச்சேரியில் ஒரு நர்ஸிங் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. அப்பா கையெழுத்துப் போட்ட படிவத்தை வருகிற செவ்வாய்க்கிழமைக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உபதேசியார் படிவத்தை வாங்கி, "பாத்துட்டு சொல்றேன்" என்று செபப் புத்தகத்துக்குள் செருகி வைத்தார். மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் கேட்கும்போதெல்லாம், "டவுனு கெட்டுக் கெடக்குதும்மா. இங்க இன்னா கொற உனக்கு?" என்றார். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. சகாயமேரியும் போய்விட்டால் அந்த வீட்டில் மிஞ்சுவது அவரும் சுவரில் ஒரு பல்லியும்தான். அந்தப் பயம் ராப்பகலாக அவரை அரித்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. டவுனைத் திட்டுவது சுலபமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் அந்தப் பொம்மைப் படம் வந்து சேர்ந்தது. சுனாமி அடித்து ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது, நிவாரணம் மட்டும் ஓயவில்லை. வலை போனவனுக்கு வலை வந்ததோ இல்லையோ, உப்பு வாருகிறவர்களுக்கு மே மாதத்து வெயிலில் கம்பளிக் குல்லாய் வந்தது. கடைசியாக எந்த நாட்டிலிருந்தோ வந்த அட்டைப் பெட்டியில், சோப்புக்கும் பல் விளக்கும் பிரஷ்ஷுக்கும் நடுவே ஒரு சிடி கிடந்தது. அட்டையில் பறவைகளும் ஒரு கலங்கரை விளக்கமும். பேச்சு இங்கிலீஷ்கூட இல்லை, என்ன பாஷை என்று யாருக்கும் தெரியவில்லை. கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த இளவயசு ஆரோக்கியராஜ் சாமியார், லீவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்ட ஆசைப்பட்டார்.

"உபதேசியாரே, எதுக்கும் நீங்க ஒரு தடவ கிறிஸ்தவக் கண்ணோட்டத்துல பாத்து ஒரு பக்கம் எழுதிக் குடுத்துடுங்க. நாளைக்கி யாரும் ஒரு கேள்வி கேட்டுடக் கூடாது பாருங்க."

உபதேசியாருக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தாறு வருஷமாகக் கேட்காமலே செய்துவந்த வேலையை இப்போதுதான் ஒருவர் கேட்டுச் செய்யச் சொல்கிறார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சாமியார் வீட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தார்.

படத்தில் கலங்கரை விளக்கத்துக்குள் வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் இருந்தார். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் வெள்ளையாக ஒரு படகுப் பாய், முக்கோணமாக விரிந்து தொங்கியது. உபதேசியார் சடாரென்று எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார். அவர்கள் கோயில் பீடத்துச் சுவரில் இருக்கும் படத்தில் புனிதர்களுக்கெல்லாம் தலைக்குப் பின்னால் ஒளி வட்டமாக இருக்கும், பிதாவாகிய கடவுளுக்கு மட்டும் முக்கோணம். தாடி வைத்தவர்களில் சூசையப்பர் யார், பிதா யார் என்று பிள்ளைகளுக்கு அதை வைத்துத்தான் அவர் அடையாளம் சொல்லித் தருவது வழக்கம். இப்போது கிழவர் கையை நீட்டி ரொட்டித் துணுக்கு கொடுக்க, வெள்ளைப் பறவைகள் வந்து கொத்தித் தின்றன. ஒரு கறுப்புப் பூனை அவற்றைப் பிடிக்கப் பதுங்கி வந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? இருபதாவது நிமிஷம் கரண்ட் போனது. மிச்சத்துக்காக அவர் காத்திருக்கவில்லை. பிதாவே வந்துவிட்ட பிறகு கதை எங்கே கெட்டுப்போகப் போகிறது?

அறிக்கையை அங்கேயே எழுதினார்: 'கிறிஸ்தவக் கண்ணோட்டத்தில் முழுமையாகப் பார்வையிட்டேன். பிதா இருக்கிறார். பறவைகள் சம்மனசுகள், ஆண்டவரின் தூதர்கள். பூனை பசாசு. பிள்ளைகளுக்குத் தாராளமாகக் காட்டலாம்.' கீழே கையெழுத்து, தேதி.

ஞாயிற்றுக்கிழமை மாலை மறைக்கல்விக் கூடத்தில் டிவியை மேஜை மேல் ஏற்றினார்கள். விடிவதற்கு முன்பே பாத்திக்குப் போய் உப்பு வாரிவிட்டு வந்த பெண்கள் பிள்ளைகளோடு காலை நீட்டி உட்கார்ந்தார்கள். அவர்களில் பொன்னி என்பவளின் மகள் பூவிழி, புழுக்கத்திலும் கம்பளிக் குல்லாயைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து முதல் வரிசையில் இருந்தாள். சகாயமேரி சுவரோரமாக நின்றாள். பாஷை புரியாத படத்துக்கு விளக்கம் சொல்ல, உபதேசியார் கையில் மைக்.

முதல் இருபது நிமிஷம் அவர் பின்னியெடுத்தார். "பாருங்க, பிதா! தலைக்குப் பின்னால முக்கோணம் தெரியுதா?" பிள்ளைகள் சிலுவை போட்டார்கள். "அதோ வர்றான் பாருங்க பசாசு!" பிள்ளைகள் பூனையைத் திட்டினார்கள். பூனை கால் தவறிக் கடலில் விழுந்ததும் கூடம் இடிகிற மாதிரி கைதட்டல்.

அதற்கப்புறம்தான் பிதா எழுந்து போய் ஒரு பெரிய கூண்டை இழுத்து வந்தார். பறவைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே போட்டுப் பூட்டினார். சாவி சட்டைப் பைக்குள் போனது.

உபதேசியாரின் மைக் கொஞ்சம் இருமியது.

"இன்னா உபதேசியாரே, பிதா போயி சம்மனசுங்கள கூண்டுல போட்டு அடைக்கறாரு?" என்றாள் பொன்னி.

"அது பாதுகாப்புக்கும்மா. வெளிய பூனை இருக்குது இல்ல?"

"பூனதான் கடல்ல வுழுந்துடுச்சே!" என்று பூவிழி கத்தினாள்.

"வேற பூனை வரும். உலகம் கெட்டுக் கெடக்குது."

சுவரோரமாக நின்ற சகாயமேரி நிமிர்ந்து பார்த்தாள். அவர் அந்தப் பக்கம் பார்க்காமலே மேலே பேசினார். "பிதா எது செஞ்சாலும் அன்பாலதான் செய்வாரு. நேரம் வந்தா தங் கையாலயே தொறந்து வுட்டுடுவாரு. பாத்துட்டே இருங்க."

"எப்பப்பா தொறப்பாரு?"

கேட்டது பிள்ளைகள் யாருமில்லை. கூடத்தில் அவரை அப்பா என்று கூப்பிடக் கூடியவள் ஒருத்திதான்.

"செவ்வா..." என்று ஆரம்பித்த உபதேசியார் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சீக்கிரம். சீக்கிரமே தொறப்பாரு."

டிவியில் இருந்த கிழவர் உபதேசியாரின் மானத்தைக் காப்பாற்றுவதாக இல்லை. கூண்டுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து, கம்பிக்குள் ரொட்டியைத் திணித்தார். பறவைகள் தின்னவில்லை. அவர் பாட்டுப் பாடினார், கூண்டுக்கு வர்ணம் அடித்தார், சாவியை மட்டும் எடுக்கவில்லை. உபதேசியார் மனசுக்குள் அவரைக் கெஞ்சினார். பெரியவரே, தொறந்துடுங்களேன், என் மானம் போகுது.

கடைசியில் பறவைகள் எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் சிறகடித்தன. கூண்டு எழும்பியது, கூரையில் மோதியது, கதவு பிய்த்துக்கொண்டது. பிள்ளைகள் எழுந்து குதித்தார்கள். பறவைகள் கிளப்பிய காற்றில் சுவரில் இருந்த படகுப் பாயும் கழன்று ஜன்னல் வழியாகப் பறந்துபோனது. தலைக்குப் பின்னால் முக்கோணம் இல்லாமல், வெறும் சுவரில் சாய்ந்து அந்தக் கிழவர் உட்கார்ந்திருந்தார். கையை விரித்தார். உள்ளங்கையில் ரொட்டித் துணுக்கு இருந்தது, கொத்த ஒன்றும் வரவில்லை. அவர் அழுதார்.

குல்லாயை ஏற்றிவிட்டுக்கொண்டு பூவிழி திரும்பினாள். "ஏன் உபதேசியாரே பிதா அழுவுறாரு?"

பாவிகளுக்காக அழுகிறார் என்று ஒரு பதில் தயாராகத்தான் இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ தடவை சொன்ன பதில். அவர் மைக்கை மேஜையில் வைத்தார்.

"அவரு பிதா இல்ல கண்ணு," என்றார். "வெறும் அப்பன்."

மறுநாள் காலையில் சாமியார் வீட்டுக்குப் போய் அறிக்கையைத் திருப்பிக் கேட்டார். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். உபதேசியார் 'பிதா இருக்கிறார்' என்பதை அடித்துவிட்டு 'ஒரு அப்பன் இருக்கிறான்' என்று எழுதினார். 'முழுமையாக' என்ற சொல்லையும் அடித்தார். பூனையைக் கொஞ்ச நேரம் யோசித்தார். 'பசாசு' என்பதை அடித்துவிட்டு, 'பூனை, பூனைதான்' என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் செபப் புத்தகத்துக்குள் இருந்த படிவத்தை உருவினார். எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பார்க்கவில்லை. பார்த்தால் அதற்கும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டிவரும். கையெழுத்துப் போட்டு, அடுப்படியில் இருந்த சகாயமேரியிடம் நீட்டினார். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கையெழுத்தைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"எப்பா, பாத்துட்டுதானே போட்ட?"

"பாதிதாம்மா பாத்தேன்," என்றார் உபதேசியார். "மீதிய நீ போயி பாரு."