சேர்த்து வைத்த பழுதுகள்

தையல்காரம்மா வீட்டில் முதலில் மண்டையைப் போட்டது நடைவழி விளக்கு. புது பல்பு மாட்டிப் பார்த்தாள், எரியவில்லை. ஹோல்டர் கருகி, கூரையோடு உருகி ஒட்டியிருந்தது. எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டாள்.

"ஒரு ஹோல்டருக்கு மூணு மாடி ஏறணுமாக்கா? வண்டி பெட்ரோலுக்கே கட்டாது. நாலஞ்சு வேலை சேரட்டும், ஒரே நடையில முடிச்சுக் குடுத்திடறேன். உங்களுக்கும் கூலி கம்மியா விழும்."

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. கம்பெனி ஆட்களைக் கூப்பிட்டால், வாசலில் கால் வைத்ததற்கே தனிக் கூலி கேட்பார்கள். அந்தக் கட்டடத்தில் எல்லா வீடுகளிலும் பழுதுகள் கூட்டு சேரக் காத்துக் கிடந்தன.

அவளுடைய வீட்டுக்காரர் லாரி ஓட்டி ஓய்ந்தவர். கண் மங்கிவிட்டது, வாய் மங்கவில்லை. சமையலறை ஃபேன் ரெகுலேட்டர் போனபோது, "ரெண்டாவது விக்கெட்டும் காலி!" என்று கைதட்டினார்.

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டு. இஸ்திரிப் பெட்டி பிளக்கும் ஆடுது. அதுவும் போச்சுன்னா கூப்பிட்டுடலாம்."

"வேணும்னா நான் அதை ரெண்டு தட்டு தட்டவா?"

"தட்டுவீங்க, தட்டுவீங்க. டார்ச்சை எடுத்துட்டுப் போங்கன்னா மட்டும் காதுல விழாது."

"சொந்த வீட்டுல டார்ச் அடிச்சு நடக்க நான் என்ன திருடனாம்மா?"

பிளக் போகவில்லை. ஆடிக்கொண்டே உயிரோடு இருந்தது.

ஒரு சாயங்காலம், குளியலறைக்குப் போனவர் நடைவழி இருட்டில் படி தெரியாமல் இடறி விழுந்தார். மெஷின் சத்தத்தில் அவர் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. நூல் அறுந்து மெஷினை நிறுத்தியபோதுதான் கேட்டது. எத்தனை முறை கூப்பிட்டிருந்தாரோ, குரல் கம்மிப்போயிருந்தது.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்தும் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள், சேதி கேள்விப்பட்டு எலக்ட்ரீஷியன் தானாகவே வந்தான். ஸ்டூலில் ஏறிப் பழைய ஹோல்டரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதை மாட்டினான். அடுப்பில் பால் பொங்குவதற்குள் விளக்கு எரிந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான்க்கா." அவன் ஸ்டூலை விட்டு இறங்காமல் நின்றான். "அவசரம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே."

"அவசரம்னு எனக்கே தெரியலையேப்பா."

அவன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். கட்டில்வரை ஒயர் இழுத்து, கைக்கெட்டும் இடத்தில் ஒரு பெல் சுவிட்சைப் பொருத்தினான். "அண்ணே, எது வேணும்னாலும் இதை அமுக்குங்க."

"காலம் பூரா ஹாரன் அடிச்சவன்கிட்டயே ஹாரனா?" என்று அவர் சிரித்தார்.

ஆனால் அவர் அதை அமுக்கவே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும், விரிப்பை மாற்ற வேண்டுமென்றாலும் பேசாமல் கிடந்தார். கேட்டால், "நீ மும்முரமா தைச்சிட்டிருந்தே" என்பார்.

அதனால் ஒவ்வொரு ரவிக்கைக் கையும் தைத்து முடித்ததும் எழுந்து போய் அவரைப் பார்ப்பாள். துணி கொடுத்தவர்கள் தாமதமென்று முணுமுணுத்தார்கள்.

"என்னம்மா, வேலை இல்லையா?" என்றார் அவர் ஒருநாள், கட்டிலில் கிடந்தபடி.

"இருக்கு. உங்களுக்கு ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். நீ போய்த் தை."

அவள் குனிந்து விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். நனைந்திருந்தது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.