கெட்டது தண்ணீர் அல்ல

ஒரகடத்துத் தண்ணீரில் இறால் வளராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் அப்படிச் சொன்னவன் நான். பொய் சொன்னேன்.

1991இல் என் தங்கையின் நிலத்தில் குளம் வெட்டி நன்னீர் இறால் விட்டோம். விலங்கியல் பாடம் நடத்திய என்னை நம்பித்தான் அவள் நெல் போடாமல் விட்டாள். அவள் கணவருக்கு நிலத்தை விற்றுவிட ஆசை. இறால் தேறினால் நிலம் தங்கும், தேறாவிட்டால் விற்பனை என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

இறால் தேறியது. குளத்து நீர் பச்சையாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாசிதான் பகலெல்லாம் நீரில் பிராணவாயுவைச் சேர்த்தது. மாப்பிள்ளை கரையில் நின்று சிரித்தார்.

"இன்னா மச்சான், காலேஜ்ல இதான் சொல்லிக் குடுக்கிறீங்களா? எருமகூட எறங்காது. ஞாயித்துக்கெழம நெலம் பாக்க ஆளுங்கள இட்டாரேன். இதுல எறால் எங்க கீதுன்னு காட்டுங்க!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சனிக்கிழமை குளத்து நீரை இறைத்துக் கொட்டிவிட்டு போர் தண்ணீரைத் திறந்துவிட்டேன். சிறிது சிறிதாகத்தான் மாற்ற வேண்டும் என்று தெரியாமல் இல்லை. மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

நீர் தெளிந்தது. ஆனால் நிலத்தடி நீரில் பிராணவாயு குறைவு. அதன் சூடும் உப்பும் வேறு. திடீர் மாற்றத்தின் அதிர்ச்சியில் இறால்கள் ஒரே சமயத்தில் ஓடு கழற்றின. ஓடு கழற்றும் நேரத்தில்தான் இறாலுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும். பாதி மூச்சுமுட்டிச் செத்தன. உடம்பு மெத்தென்று கிடந்தவற்றை ஓடு கழற்றாதவை பிடித்துத் தின்றன. நிலம் பார்க்க வந்தவர்கள் அந்தத் தெளிந்த நீரில் எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்தார்கள்.

"இன்னாண்ணா ஆச்சு?" என்றாள் தங்கை.

"இந்த ஊரு தண்ணியே சரியில்ல."

படித்தவன் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. நிலம் போயிற்று. இப்போது அங்கே கம்பெனி பஸ்கள் நிற்கின்றன.

மாப்பிள்ளை காலமான பிறகுதான் தங்கையிடம் உண்மையைச் சொன்னேன்.

"அப்பவே சொல்லியிருந்தா இன்னொரு தபா வுட்டுப் பாத்திருப்பேனே. அந்தாளு எதிர்க்க நீ தோக்கக்கூடாது, என் நெலம் போனா போவட்டும். அப்டித்தானே?"

அப்படித்தான். மன்னிப்புக் கேட்டேன். அவள் தரவில்லை. தராதது நியாயம்.

ஆனால் இன்றும் கல்யாண வீட்டில் எவனாவது, "அந்தத் தண்ணி எதுக்கும் ஒதவாதுன்னுதான வித்தாங்க" என்று ஆரம்பித்தால், பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து மறுக்கிறேன். பைத்தியம் என்கிறார்கள். என்னை உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள்.

எதிர்வரிசையிலிருந்து தங்கை குரல் கொடுக்கிறாள்: "அவர வுடுங்க. அண்ணா, இன்னும் சத்தமா சொல்லு. அந்தக் கடைசில கீறவங்களுக்குக் கேக்கல."